என்னைத் தூக்கி வந்த நாலு பேருக்கு

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களைத் தாங்கிய ஊராருக்கும் நன்றியோடு எழுதுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுவேன். அவள் எடுத்துக்கொடுக்காமல் காத்திருப்பாள். அப்படிக் காத்திருக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் உங்களில் ஒருவர்தான். இந்த மடல் முடிய ஒன்பது நாள் ஆகிவிட்டது.

எனக்குப் பக்கவாதம் வந்த அன்று நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் வெகுநாள் தெரியாது. யார் எங்கே பிடித்தார்கள், யார் வண்டி கொண்டுவந்தார்கள் என்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டேன். அதனால் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு புதன்கிழமை, மாலை ஆராதனை. பாடுகளின் சரித்திரத்தில், பிடிபடும் முன் ஆண்டவர் வியாகுலப்பட்டு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துப் பகுதி. வாசிக்கும் முறை என்னுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் வேதம் வாசிக்கிற அந்த வேதபீடத்தில் நின்று வாசித்தவன் நான். நாலைந்து வசனம் சரியாகப் போனது. அப்புறம் எழுத்து தெரிகிறது, பொருளும் புரிகிறது, வாயிலிருந்து வருவது மட்டும் வேறு ஏதோ. வேதாகமத்தின் மேல் வைத்திருந்த வலது கை தானாக நழுவிக் கீழே தொங்கியது. நான் அழுகிறேன் என்று சபை நினைத்ததாம். கெத்செமனே அல்லவா, அப்படித்தான் நினைப்பார்கள்.

பாடகர் குழுவிலிருந்த நம் நர்ஸ் தங்கச்சி மட்டும் அப்படி நினைக்கவில்லை. எழுந்து நேரே என்னிடம் வந்தார். "அண்ணே, கொஞ்சம் சிரிங்க" என்றார். முகம் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார். ஒன்றுதான் எழுந்தது. உடனே கோவில் கடிகாரத்தைப் பார்த்து 6.20 என்று தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ஏன் என்று பிறகு விளக்கினார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் கேட்பார்கள். இதை வாசிக்கிறவர்கள் அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கோணும் முகம், எழாத கை, குழறும் பேச்சு. கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று யாரையும் படுக்க வைக்காதீர்கள். தங்கச்சி, உன் உள்ளங்கையில் இருந்த அந்த எழுத்துக்கு நான் கடன்பட்டவன்.

கோவிலுக்கு எதிர் வீட்டு பாய் அப்போதுதான் நோன்பு திறந்திருக்கிறார். வாயில் ஒரு பேரீச்சம்பழம், கையில் தண்ணீர். கஞ்சியைத் தொடாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தஞ்சாவூர் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று ஸஹருக்கு, நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில், அவர் சாப்பிட்டது ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய ஒரு பன்னும் டீயும். பாய், இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டு அம்மாதான் சொன்னார்கள்.

என்னை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றிய நாலு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு தம்பிகள், கோவில் மணி அடிக்கிற அண்ணன். நாலாவது ஆள், என்னோடு இரண்டு வருஷமாகப் பேசாதிருந்தவர். சபை மன்றத் தேர்தலில் வந்த மனஸ்தாபம். தப்பு யாருடையது என்று இப்போது அளக்கப்போவதில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவர் விஷயமாக நான் பேசிய பேச்சு அதிகம், அது எனக்குத் தெரியும். பிறகு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு இருவரும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டிருக்கிறோம், எழுந்து போகும்போது முகம் பார்த்ததில்லை. அன்று நாற்காலியின் வலப்பக்கத்து முன்காலைப் பிடித்தவர் அவர். என் செத்த கை அவர் தோளில்தான் கிடந்தது. அண்ணே, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் இதைச் சபை முன்னால் எழுதுகிறேன். என்னை மன்னியுங்கள். உங்களுக்கு நன்றி.

நம் தமிழில் "கடைசியில் நாலு பேர் வேணும்ல" என்போம். பாடை தூக்குகிற நாலு பேர். வேதாகமத்தில் மாற்கு 2-ம் அதிகாரத்திலும் நாலு பேர்தான். கை கால் விழுந்த திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். கூட்டம் வழிவிடவில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். லூக்கா அந்தக் கூரை ஓட்டைத் "தட்டோடு" என்று எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியைக் கோவிலில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்ற இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சில்லாமல் கிடந்தபோதுதான் அந்தச் சொல் என்னைப் பிடித்தது. அவனுடைய விசுவாசம் என்று அங்கே இல்லை. அவன் என்ன நம்பினான் என்றே மாற்கு சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்ததாகவும் இல்லை. தூக்கி வந்தவர்களைப் பார்த்துவிட்டு அவனிடம் "மகனே" என்கிறார் ஆண்டவர்.

அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வாயால் மட்டுமல்ல, மனதாலும் முடியவில்லை. கோபம் இருந்தது, பயம் இருந்தது, நினைப்புகள் துண்டு துண்டாக வந்தன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது, திருவிருந்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த, சபைச் சீர்திருத்தக்காரர் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் புத்தகம். 1529-ல் வீட்டுத் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் என்று அவர் எழுதியது. நாம் நம்புவதைச் சொல்லும் விசுவாசப்பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு அவர் சொல்லும் விளக்கம், என் சொந்தப் புத்தியாலும் பெலத்தாலும் என்னால் விசுவாசிக்க முடியாது என்றே தொடங்குகிறது. பதினாலு வயதில் பிரம்புக்குப் பயந்து அதை ஒப்பித்தேன். அறுபத்தாறில் அது எனக்கு இடுப்பைத் தாங்கும் கையாக இருந்தது. பச்சைக் குழந்தையாக என்னை ஞானஸ்நானத் தொட்டிக்குத் தூக்கிப் போனபோதும் எனக்கு வாய் இல்லை. விசுவாசிக்கிறாயா என்ற கேள்விக்கு ஞானப்பெற்றோர்தான் எனக்காகப் பதில் சொன்னார்கள். இப்போது மறுபடியும் நீங்கள் சொன்னீர்கள்.

ஊசி நேரத்துக்குப் போட்டார்கள். கால் ஓரளவு திரும்பியது, கை பாதிதான். பேச்சு போய்விட்டது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பலருக்கு இப்படி ஆகும், கேட்பது புரியும், சொல்ல வராது என்றார் டாக்டர். என் மனைவியின் பெயரைச் சொல்ல முயன்று முயன்று வேர்த்துப்போவேன். "சரி, சரி" என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் வந்தது.

குருத்தோலை ஞாயிறு முடிந்து மறுநாள். பெண்கள் சங்கத்து அக்காமார் ஆறு பேர் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை எடுத்தார்கள். என் பாட்டி நெல் அவிக்கும்போது பாடுவது அது. இரண்டாவது அடி வந்தபோது நானும் பாடிக்கொண்டிருந்தேன். சொல்லோடு பாடினேன், முழு அடியையும். அடுக்களையில் என் மனைவி கையிலிருந்த சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. அக்காமார் அழுதுகொண்டே பாடினார்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நானும் நின்றிருப்பேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பேச முடியாதவர்கள் பலருக்குப் பாட வரும், சின்ன வயதிலிருந்து சேர்ந்து சொல்லிப் பழகிய வார்த்தைகளும் வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள் என்றார். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை என்னென்று சொல்வது. பெண்கள் சங்கம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டது. தினமும் ராத்திரி ஏழு மணிக்கு ஒரு வீட்டார். நாலு மாதம். மழை பெய்த நாளிலும் கரண்ட் போன நாளிலும் யாராவது வந்தார்கள். முதலில் ஒரு ஞானப்பாட்டு. அப்புறம் குருவும் சபையும் மாறி மாறிச் சொல்கிற ஆராதனை முறைமை. வந்தவர் குருவைப்போல "கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்பார். நான் சபையாக இருந்து பதில் சொல்ல வேண்டும். என் மனைவியின் பெயருக்கு முன்னால் எனக்குத் திரும்பி வந்தது அந்தப் பதில்தான். பிறகு "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்". பிறகு பரமண்டல ஜெபம், ஒவ்வொரு விண்ணப்பமாக.

வாரா வாரம் அதே முறைமையா என்று நம் பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளே, அந்தப் பழைய வார்த்தைகளைத்தான் என் நோய் தொடவில்லை. புதிதாகப் படித்ததெல்லாம் போன பிறகும் அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

பரமண்டல ஜெபத்தில் "மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் வெகுநாள் தடுக்கினேன். நீளமான சொல், வாய்க்குச் சிரமம், அவ்வளவுதான் என்றார் பயிற்சி அம்மா. மேலே சொன்ன அண்ணன் முறை வந்த இரவிலும் தடுக்கினேன். அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இடது கையால் எழுதப் பழக வேண்டும், பேனா நிற்கவில்லை. ஒரு பையன் தாம்பாளத்தில் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்தான். "சீகன்பால்கு ஐயரே மணல்ல எழுதித்தான் தமிழ் படிச்சாராம் தாத்தா" என்றான். உண்மைதான். 1706 ஜூலை 9-ல் இன்னொரு மிஷனரியான புளுட்சோவோடு தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி அவர், ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். ஒன்பது வருஷத்தில், 1715-ல், புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அவர்கள் அச்சகத்திலேயே அச்சாகிவிட்டது. 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேதான் அடுத்த வருஷம் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைப் பக்கத்தில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பெரிய காரியம் செய்த மனிதர் என்று மட்டும் நினைப்பேன். ஒரு எழுத்துக்காக விரல் நடுங்க அவர் உட்கார்ந்திருந்ததை யோசித்ததில்லை. தம்பி, நான் மணலில் முதலில் எழுதிய முழுச் சொல் உன் பெயர். அது இங்கே வேண்டாம், உனக்குத் தெரியும்.

சாப்பாடு கொடுத்தவர்கள், பயிற்சிக் கட்டணத்தைப் பெயர் எழுதாத காணிக்கை உறையில் வைத்தவர்கள், என் மனைவி தூங்கட்டும் என்று ராத்திரி என்னோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. போதகர் ஐயாவுக்குப் பெரிய நன்றி ஒன்று உண்டு. திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, நான் பதில் சொல்ல முடியாமல் திணறிய முதல் நாளிலும் அவசரப்படாமல், ஒரு வரியையும் விடாமல், முழு முறைமையையும் எனக்காகச் சொன்னார். "உமக்காகக் கொடுக்கப்பட்ட" என்றபோது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

இந்த அக்டோபரில் சீர்திருத்த ஞாயிறு, லுத்தர் தொடங்கிய சபைச் சீர்திருத்தத்தை நினைக்கிற நாள், வந்தது. 46-ம் சங்கீதத்தை வைத்து லுத்தர் எழுதிய பாட்டை எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற நாள். அந்தச் சங்கீதத்தில் 7-ம் வசனமும் 11-ம் வசனமும் ஒன்றேதான். அந்த இரண்டை மட்டும் நீங்கள் வாசியுங்கள், மற்றதைச் சபை வாசிக்கும் என்றார் போதகர் ஐயா. இடது கையில் கம்போடு வேதபீடத்துக்கு ஏறினேன். 7-ம் வசனத்தில் "சேனைகளின்" என்ற சொல் வரவில்லை. எத்தனை நொடி நின்றேனோ தெரியாது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை, ஒரு இருமல் கூட இல்லை. வந்தது. 11-ம் வசனம் தடுக்காமலே வந்தது: "சேனைகளின் கர்த்தர் நம்மோடிருக்கிறார், யாக்கோபின் தேவன் நமக்கு உயர்ந்த அடைக்கலமானவர்."

அன்றைக்குப் பாதியில் விட்ட கெத்செமனே பகுதியை யார் வாசித்து முடித்தார்கள் என்று அப்புறம் விசாரித்தேன். யாரும் வாசிக்கவில்லையாம். அங்கேயே முழங்கால்படியிட்டு எனக்காக ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்களாம். வருகிற லெந்தில் அந்தப் பகுதியைத் திடப்படுத்தல் வகுப்பில் இருக்கிற நம் பெண்பிள்ளை ஒருத்தி வாசிக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல குரல், நிறுத்தி வாசிக்கிறாள். சனிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் சேர்ந்து பழகலாம். மணல் தாம்பாளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வீட்டு ஜெபமும் எங்கள் வீட்டில் வைக்கலாம். பாய் குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கிறேன், சாப்பாடு எங்களுடையது.

உங்கள் பழைய வாசகர்