"ஒண்ணுமில்ல டீச்சர்"

அன்புள்ள தங்கைக்கு,

உன் எட்டாம் வகுப்பு மாணவியைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து அவள் நினைப்பாகவே இருக்கிறது. தோளில் கை போட்டுத் திரிந்த தோழியை, ஒரு நாள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை என்பதற்காக அப்படித் திட்டியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்". ஸ்டாஃப் ரூமில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நானும் அந்தப் பெயரைத்தான் வைத்தேன்.

2009 நவம்பரில் நீ சின்னப் பிள்ளை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மண் சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் வீட்டை இழந்த பையன் ஒருவன் அடுத்த ஜூனில் என் வகுப்புக்கு வந்தான். தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே பக்கத்தில் இருப்பவனை அடிப்பான். கேட்டால் சிரிப்பான். நான் அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தேன். பயந்து கிடந்த பிள்ளைக்குப் பக்கத்துணையாக இருந்த ஒரே ஆளையும் பிரித்துவிட்டேன் என்று புரிய இரண்டு வருடம் ஆனது. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பயத்திலேயே நாளைக் கழித்த பிள்ளைக்கு மனசுக்கு முன்னால் உடம்பு முந்திக்கொள்ளும். மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று உஷாராகிவிட்டால் நிதானமாக யோசிக்க முடியாது. தோழி கொஞ்சம் முன்னால் நடந்தால் கூட, விட்டுவிட்டுப் போகிறாள் என்றே தோன்றும். உள்ளே இருப்பது கோபமா, பயமா, துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இதற்கு 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்ஸிதைமியா என்று பெயரிட்டார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்று பொருள். சின்ன வயதில் அடிபட்டும் கவனிப்பாரில்லாமலும் வளர்ந்தவர்களிடம் இது அதிகம் தென்படுகிறது. எல்லாருக்கும் வரும் என்றில்லை.

நம் பாட்டிமார் உணர்வை உடம்பில் வைத்துத்தான் சொன்னார்கள். நெஞ்சு படபடக்குது, தொண்டை அடைக்குது, கை உதறுது, ஈரக்குலை நடுங்குது. "எப்படி இருக்கு?" என்றால் விழிக்கும் பிள்ளை, "எங்க பண்ணுது?" என்றால் நெஞ்சைத் தொட்டுக் காட்டும். அங்கிருந்து தொடங்கு. எல்லார் முன்னாலும் வேண்டாம். நோட்டுக் கட்டைத் தூக்கி வரச் சொல்லி, கூட நடந்துகொண்டே கேள். முகம் பார்க்காமல் பேசுவது இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபம். என் அனுபவத்தில் பாதிப் பேச்சு வராந்தாவில்தான் நடந்திருக்கிறது.

அப்புறம், நடந்ததை எல்லாம் சொல்லு என்று வற்புறுத்தாதே. வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசு. தூக்கம் கெட்டு வாடிப்போனால் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே ஆலோசனை சொல்வார்கள், இலவசம்தான்.

தோழியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளும் அழுதுகொண்டிருப்பாள். இருவரையும் ஒரே பெஞ்சில் விட்டு வை.

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை கோத்தகிரி பஸ் ஏறி வந்துவிடு. திங்கட்கிழமை அவளிடம் என்ன கேட்பது என்று உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அக்கா