அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். இலக்கிய மன்றம், பசுமைப் படை, சாரணர் இயக்கம் எல்லாம் வழக்கம்போல் சிறப்பாக நடக்கின்றன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்படியே இன்னொரு விஷயம். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘எங்கள் ஊர் நீர்நிலை’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டிருந்தோம். வந்தவை பார்க்க அழகாகவே இருந்தன. வண்ண அச்சு, ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் ஏரிப் படம். துணைநூல் பட்டியல் இருக்க வேண்டிய கடைசிப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஒரே வரி: ‘நன்றி: கூகுள்.’

நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, ஆதாரம் ‘மூன்றாவது அலமாரி’ என்று யாராவது எழுதுவார்களா? கூகுள் தேடித்தான் கொடுக்கிறது. எழுதியவர் வேறொருவர்.

பல கட்டுரைகளில் ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்ற வரி திருக்குறள் என்று போடப்பட்டிருந்தது. அது புறநானூற்றின் 18ஆம் பாட்டு. பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடியது. அதே வரி மணிமேகலையிலும் வருகிறது. என் வருத்தம் பெயர் மாறியதோடு நிற்கவில்லை. பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கி வை என்று அரசனிடம் சொல்கிற பாட்டு அது. ஏரியைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்குமா? வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை வரியோடு நின்றதால் முழுப் பாட்டும் கை நழுவிப் போயிற்று.

பதினோராம் வகுப்புக் கட்டுரை ஒன்றில் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் என்று கச்சிதமான பட்டியல் இருந்தது. தமிழாசிரியர் ஆசையோடு தேடினார். அப்படி ஒரு புத்தகமே இல்லை. செல்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இல்லாத நூலுக்கும் இப்படி முகவரி எழுதிக் கொடுத்துவிடும். இன்னொரு பிள்ளை மடை திறப்பது, கலிங்கு (ஏரி நிரம்பினால் மிகை நீர் வெளியேறும் இடம்) வழிவது பற்றி அருமையாக நாலு வரி எழுதியிருந்தாள். கேட்டால் தாத்தா சொன்னாராம். கீழே போட்டிருந்ததோ ‘இணையம்’.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் “நாளைக்கே தரணும்” என்று பிள்ளை வந்து நின்றால் ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். எங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் காசு கொடுத்து வாங்கிய கட்டுரையோ, செயலி எழுதித் தந்ததோ, ஆதாரமே இல்லாத கட்டுரையோ இனி ஏற்கப்படாது. மதிப்பெண்ணும் கிடையாது. இதற்காகப் பரிந்துரையோடு யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம். “பள்ளிக்கூடப் பிள்ளைதானே சார்” என்றார் ஒரு தந்தை. இதே பிள்ளை நாளை ஆய்வுப் பட்டத்துக்குப் போகும்போது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் குறுக்கே வரும். ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் அடுத்தவர் எழுத்து என்று கண்டுபிடித்தால் பதிவே ரத்து. அந்த வயதில் பழக்கத்தை மாற்றுவது எளிதல்ல.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. புத்தகமென்றால் எழுதியவர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். செய்தித்தாளென்றால் பெயரும் தேதியும். இணையப் பக்கமென்றால் கட்டுரைத் தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி, பார்த்த நாள். விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், தப்பில்லை. பக்கத்தின் அடியில் கொடுத்துள்ள சான்றுகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறி வேண்டும். சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயர் வர வேண்டும். பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். தாத்தா சொன்னாரென்றால் அவர் பெயர், ஊர், பேசிய நாள். அதுவும் முறையான ஆதாரம்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எழுதிக் கொடுக்காதீர்கள். “இது எங்கே இருந்து எடுத்தே?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போதும். சிலர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறீர்கள். கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, நேர்மையான பட்டியலோடு வந்த அந்தக் கட்டுரைகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. ஆண்டு முழுவதும் பள்ளிக்குத் துணை நிற்கும் மற்ற அனைவருக்கும் நன்றி.

திருப்பிக் கொடுத்த கட்டுரைகளைப் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் திருத்தித் தரலாம்; மதிப்பெண் குறைக்க மாட்டோம். வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும், பைண்டிங் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்