தொப்புள்கொடியை எப்போது வெட்டுவது?

அன்புள்ள அம்மு,

ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்தேன். குழந்தையின் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இடது பக்கத்தில் ஓட்டை. குடல் நெஞ்சுக்குள் ஏறியதால் நுரையீரல் வளர இடமில்லை. ஓட்டையைத் தைப்பதற்கு அவசரமில்லை, குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் செய்வார்கள். பிறந்த முதல் பத்து நிமிடம்தான் முக்கியம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது சரி. ஆனால் பிரசவம் கடலூரில் வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மாதிரி, பிரசவம், என்ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு), குழந்தை அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற இடத்தில்தான். உன் வயிற்றைவிடப் பத்திரமான ஆம்புலன்ஸ் கிடையாது. 37 வாரம் ஆனதும் புதுச்சேரியிலேயே தங்கிவிடு.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, தானாக மூச்சு விடும் குழந்தைக்கு. இந்தக் குழந்தைக்குக் கடிகாரம் உதவாது. கருவில் நுரையீரலுக்குக் கொஞ்ச ரத்தம்தான் போகும். இதயத்தின் இடப்பக்கம் பெரும்பாலும் நஞ்சிலிருந்து (பிளசென்டா) கொடி வழியாக வருகிற ரத்தத்தால்தான் நிரம்பும். நுரையீரல் விரிவதற்குள் கொடியை வெட்டினால் அந்த வரத்து நின்று, இதயத் துடிப்பு சரியும். அதனால் முதலில் மூச்சு, பிறகு கத்தரி என்ற முறையைப் பரிசோதித்து வருகிறார்கள். இதே குறை உள்ள ஆட்டுக்குட்டிகளில் இந்த முறையால் நுரையீரல் ரத்த ஓட்டம் கூடியது. ஆனாலும் எல்லா மருத்துவமனைக்குமான விதியாக அது இன்னும் ஆகவில்லை.

செய்வதென்றால் குழந்தைக்குச் சிகிச்சை தரும் டிராலி உன் கட்டிலை ஒட்டியே நிற்கவேண்டும். கொடியின் நீளம் அரை மீட்டர் சொச்சம்தான், இழுத்தால் அறுந்துவிடும். சிசேரியன் என்றால் குழந்தை டாக்டரும் ஸ்டெரைல் கவுனில் இருக்கவேண்டும். முகத்தில் மாஸ்க் வைத்துப் பை அழுத்தவே கூடாது. காற்று குடலுக்குள் போய் நெஞ்சில் உப்பி, இருக்கிற நுரையீரலையும் நசுக்கும். நேராகத் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப், வயிற்றுக்கு வாய்வழி இன்னொரு டியூப் போட்டு உறிஞ்சல். வென்டிலேட்டர் அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டக்கூடாது. ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி வலது மணிக்கட்டில். இடது கை, கால்களின் அளவு வேறு மாதிரி காட்டலாம். துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் நின்று, ஆக்ஸிஜன் 85 சதவீதத்தைத் தாண்டினால் கொடியை வெட்டலாம். வயிற்றையொட்டி வெட்டாமல் நீளமாக விடச் சொல், குழாய் செருக அது வேண்டும்.

உனக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ, நஞ்சு பிரிந்துவிட்டாலோ, உடனே வெட்டத்தான் வேண்டும். இந்த முறையில் பழக்கமில்லாத குழுவிடமும் வற்புறுத்தாதே. உடனே வெட்டி டியூப் சரியாகப் போடுவது, கொடியைக் காக்கிறேன் என்று தடுமாறுவதைவிட மேல். அடுத்த விசிட்டில் இதை மட்டும் கேள்: "கொடி இருக்கும்போதே டியூப் போட்டுப் பழக்கம் உண்டா?"

கொடி ரத்தம் சேமிக்கிறோம் என்று நோட்டீஸோடு யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதே. அந்த ரத்தம் குழந்தைக்குள் போகவேண்டியது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

அம்மா