‘விசேட வைத்திய நிபுணர்’ என்று யாரை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்திலும் அதை ஒட்டி வரும் சனல் (தனியார் நிலையத்தில் முன்பதிவு செய்து வைத்தியரைக் காணும்) விளம்பரங்களிலும் ‘விசேட வைத்திய நிபுணர்’ என்ற அடைமொழி இல்லாத வைத்தியரைக் காண்பது அரிதாகிவிட்டது. நிபுணர் என்றாலே ஒரு துறையில் தேர்ந்தவர்தானே, அதற்கு முன்னால் இன்னொரு ‘விசேட’ எதற்கு என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். எங்களுடைய கவலை வேறு. அந்த அடைமொழிக்குள்ளே உண்மையான நிபுணரும் இருக்கிறார், நிபுணராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவரும் இருக்கிறார், எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று மாதச் சான்றிதழ் ஒன்று வைத்திருப்பவரும் இருக்கிறார். ஆங்கிலப் பலகையில் பட்டங்களைப் பார்த்தாவது ஆளைப் பிரித்தறியலாம். தமிழில் அச்சாகும்போது அந்த எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து ‘விசேட வைத்திய நிபுணர்’ மட்டும் மிஞ்சுகிறது.

கொழும்பில் எந்தச் சனலிங் நிலையத்திலும் காணக்கூடிய ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம்: எம்.பி.பி.எஸ். (கொழும்பு), எம்.டி. (மெடிசின்), எம்.ஆர்.சி.பி. (யூ.கே.), எஃப்.சி.சி.பி. பார்ப்பதற்கு ஒரே வரிசையில் நிற்கும் இந்த நான்கும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதலாவது அடிப்படைப் பட்டம். ஐந்தாண்டுப் படிப்பு. அது முடிந்தவுடன் யாரும் தனியாக வைத்தியம் பார்த்துவிட முடியாது. இலங்கை மருத்துவ சபையில் இடைக்காலப் பதிவு பெற்று, ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை என ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்த பிறகே முழுப் பதிவு. வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் அந்த உள்ளகப் பயிற்சிக்குள் நுழையவே ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ‘அக்ட் 16’ என்று பழையவர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவதில்தான் வாசகர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். இலங்கையில் எம்.டி. என்பது மேற்படிப்பு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், அதாவது எல்லோரும் பி.ஜி.ஐ.எம். என்று சொல்லும் இடம், தெரிவுப் பரீட்சை வைத்து ஆட்களை எடுத்து, வார்டுகளில் பல ஆண்டுகள் றெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி பெறும் வைத்தியராக, வேலை வாங்கி, இறுதிப் பரீட்சை நடத்தித் தருவது. யாழ்ப்பாணத்தில் எம்.பி.பி.எஸ். படித்து, யாழ். போதனா வைத்தியசாலையிலேயே பயிற்சி பெற்றவரானாலும் எம்.டி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ரஷ்யாவில் படித்து வருபவரின் எம்.டி.யோ அங்குள்ள முதல் மருத்துவப் பட்டம், நம்முடைய எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நேர். அமெரிக்காவிலும் எம்.டி. முதல் பட்டமே. இந்தியாவில் மறுபடியும் மேற்படிப்பு. ஆகவே எம்.டி. என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் துறையின் பெயர் இருக்கிறதா, நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே இல்லை என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ரஷ்யாவில் படித்தவர் குறைந்தவர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஈ.ஆர்.பி.எம். தாண்டிப் பதிவு பெற்றவர் முழுமையான வைத்தியரே. அந்த எம்.டி. அவரை நிபுணராக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உள்நாட்டு எம்.டி. சித்தியடைந்த அன்றே ஒருவர் நிபுணராகிவிடுவதில்லை. அதன் பின் சீனியர் றெஜிஸ்ட்ராராக இங்கே ஒரு காலம், வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றில் ஒரு காலம் பயிற்சி. திரும்பி வந்து மதிப்பீட்டுக்கு முகங்கொடுத்த பிறகே ‘போர்ட் செர்டிபிகேஷன்’ எனப்படும் நிபுணத்துவச் சான்று. மருத்துவ பீடத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுக்குக் குறையாத பயணம். (சீனியர் றெஜிஸ்ட்ராரை ‘சிரேஷ்ட பதிவாளர்’ என்று மொழிபெயர்த்து அச்சிடுகிறார்கள். பிறப்பு, விவாகப் பதிவு செய்பவர் வார்டில் என்ன செய்கிறார் என்று வாசகர் திகைக்க மாட்டாரா?) இருதயம், சிறுநீரகம், நரம்பு, அகஞ்சுரப்பி ஆகிய துறைகளுக்குப் போகிறவர்களும் எம்.டி. (மெடிசின்) முடித்துவிட்டே அங்கே பிரிகிறார்கள். எனவே எம்.டி. (மெடிசின்) என்ற எழுத்து மட்டும் ஒருவர் எந்தத் துறையில் சான்று பெற்றவர் என்பதைச் சொல்லாது, சான்று பெற்றாரா என்பதையும் சொல்லாது.

மூன்றாவது எம்.ஆர்.சி.பி., பிரித்தானிய வைத்தியர் கல்லூரிகளின் உறுப்புரிமை. இதன் மேல் நம்மவர்களுக்கு இருக்கும் மரியாதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980இல் பி.ஜி.ஐ.எம். உருவாகி உள்நாட்டு எம்.டி. நிலைபெறும் முன்னர், நிபுணராக வேண்டியவர்கள் கப்பலேறி இங்கிலாந்து போய் எம்.ஆர்.சி.பி.யோ சத்திரசிகிச்சைக்கான எஃப்.ஆர்.சி.எஸ்.ஸோ எடுத்துவந்தார்கள். அந்தக் காலத்தில் அது நிபுணர் பட்டமாகவே எண்ணப்பட்டது. இன்றைக்கு எம்.ஆர்.சி.பி. இரண்டு எழுத்துப் பரீட்சைகளும் நோயாளர் முன்னிலையில் நடக்கும் ‘பேசஸ்’ என்ற செய்முறைப் பரீட்சையும் சேர்ந்தது. கடினமான பரீட்சை, சந்தேகமில்லை. ஆனால் பிரித்தானியாவிலேயே அது உயர்பயிற்சிக்குள் போவதற்கான படிதான். அங்கே நிபுணர் என்று சொல்ல அந்நாட்டு மருத்துவ சபையான ஜி.எம்.சி.யின் நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏழு இலக்க ஜி.எம்.சி. எண் இருந்தால் அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்தத் துறையில் நிபுணர் என்பதும், இப்போது தொழில் செய்ய உரிமம் உண்டா என்பதும் அதிலேயே இருக்கும்.

நான்காவதான எஃப்.சி.சி.பி.யும் அதைப் போன்ற எஃப்.ஆர்.சி.பி.யும் பரீட்சை எழுதிப் பெறுபவை அல்ல. தொழிலில் நிலைத்த பிறகு வைத்தியர் கல்லூரிகள் தெரிவுசெய்து கொடுக்கும் தகைமை. கௌரவம்தான், பயிற்சிக்குச் சான்றல்ல. ‘டிப்ளோமா’, ‘செர்டிபிகேட்’ என்று முடிபவற்றை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். குடும்ப வைத்தியத்தில் டிப்ளோமாவும் உண்டு, எம்.டி.யும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தோல் அழகுக்கென்று நகரில் முளைத்திருக்கும் நிலையங்கள் சிலவற்றின் ‘தோல் நிபுணர்’, சட்டப்படி பதிவுள்ள வைத்தியர், ஆனால் தோல்நோயியலில் நிபுணத்துவச் சான்று இல்லாதவர். சான்று பெற்றவரையும் இவரையும் தமிழ் விளம்பரம் ஒரே சொல்லால் அழைக்கிறது.

இனி, இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுபவர் ‘பிஸிஷியன்’, உடல்நோய்களை மருந்தால் பார்க்கும் நிபுணர். ஆங்கிலத்தில் கன்சல்டன்ட் பிஸிஷியன். சிங்களத்தில் காயிக ரோக நிபுணர் என்று எழுதுகிறார்கள், உடல்நோய் என்ற பொருள் தெளிவாக நிற்கிறது. தமிழில் ‘பொது வைத்திய நிபுணர்’. ‘பொது’ என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர்கள் சந்தியில் இருக்கும் பொது வைத்தியரை நினைத்துக்கொள்கிறார்கள். ‘பொதுவானவரிடம் ஏன், நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போவோம்’ என்று நெஞ்சுக்கு ஒருவர், சீனிக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர் எனச் சனல் பண்ணுகிறார்கள்.

இதில் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் பிரஷருக்கு ஒருவர் லொசார்ட்டன் எழுதுகிறார். கால் வீக்கத்துக்கு இன்னொருவர் ஃபுரோசமைட். முழங்கால் வலிக்கு மூன்றாமவர் டைக்ளோஃபெனக். ஒவ்வொரு மருந்துத் துண்டும் தனியாகப் பார்த்தால் சரியானதே. மூன்றும் ஒரே உடலில் சேரும்போது, ஒன்று சிறுநீரக வடிப்பானை விட்டு வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, ஒன்று உடம்பின் நீரைக் குறைக்கிறது, மற்றது வடிப்பானுக்குள் வரும் குழாயைச் சுருக்குகிறது. வடிப்பானில் அழுத்தம் விழுந்துவிடும். இடையில் இரண்டு நாள் வயிற்றோட்டமும் சேர்ந்தால் சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியட்டினின் இரத்தத்தில் சடாரென ஏறும். இந்த மூன்று துண்டுகளையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கப் பயிற்றப்பட்டவர் பொது வைத்திய நிபுணர். பல நோய் ஒன்றாக உள்ளவர் முதலில் போகவேண்டிய இடமும் அதுதான். வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டையும் பழைய மருந்துத் துண்டுகளையும் யாரிடம் போனாலும் கொண்டுபோக வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி? மருந்துத் துண்டின் அடியில் இருக்கும் றப்பர் முத்திரையைப் பாருங்கள். பெயர், பட்டம், இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். கொழும்பு 10, நொரிஸ் கனல் வீதியில் இருக்கும் சபையின் பதிவேட்டை இணையத்தில் தேடலாம். பெயரை விட இலக்கத்தைக் கொண்டு தேடுவதே நல்லது. தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். தர்மலிங்கத்தை ‘டி’ போட்டுத் தொடங்குவாரும் உண்டு, ‘டி.எச்.’ போட்டுத் தொடங்குவாரும் உண்டு. தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பெண் வைத்தியர் பலர் கன்னிப் பெயரில் பதிந்து, கணவர் பெயரோடு பலகை போட்டிருப்பார்கள். பெயரைத் தட்டி ஆள் கிடைக்கவில்லை என்றதும் போலி வைத்தியர் என்று முகநூலில் எழுதிவிடுவது பெரிய அநியாயம்.

பதிவு இலக்கம் சொல்வது ஒருவர் வைத்தியர் என்பதை. அவர் எந்தத் துறை நிபுணர் என்பதற்கு ‘போர்ட் செர்டிபிகேட் எதில்?’ என்று கேட்க வேண்டும். சனல் எடுக்கும்போதே வரவேற்பு மேசையில் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மருத்துவ சபை தனித்தனிப் பதிவேடுகள் வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் அப்போதிக்கரி என்று அழைத்தவர்களின் வழிவந்த உதவி வைத்தியர்கள் வேறு பதிவேட்டில் இருப்பார்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வேறு சபையே உண்டு. அவர்கள் இந்தப் பதிவேட்டில் இல்லாதது குற்றமல்ல. அலோபதி மருந்து எழுதத் தொடங்கினால்தான் கேள்வி.

கடைசியாக, சென்னையிலிருந்து வந்து கொழும்பு ஹோட்டல்களில் ஒரு நாள் நோயாளர்களைப் பார்க்கும் நிபுணர்களின் முழுப்பக்க விளம்பரங்கள். இந்திய எம்.டி. மூன்றாண்டு, இருதயத்துக்கான டி.எம். அதற்கு மேல் இன்னும் மூன்றாண்டு. தகைமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலங்கை மண்ணில் ஒரு நாள் வைத்தியம் பார்ப்பதற்கும் நம் மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இருப்பதாக விளம்பரத்தில் ஒரு வரி சேர்ப்பது விளம்பரகாரருக்குப் பெரிய செலவல்ல.

உங்கள் பத்திரிகையிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. ‘நிபுணர்’ என்ற சொல்லை நிபுணத்துவச் சான்று பெற்றவருக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவர்களை ‘வைத்தியர்’ என்றே எழுதுங்கள், அது குறைந்த சொல் அல்ல. பிஸிஷியனுக்கு ‘உடல்நோய் வைத்திய நிபுணர்’ என்ற வழக்கைத் தொடங்கிப் பார்க்கலாம். விளம்பரப் பிரிவில் நிரப்பும் படிவத்தில் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்துக்கு ஒரு கட்டம், சான்று பெற்ற துறைக்கு ஒரு கட்டம் சேர்த்து, அவற்றை வைத்தியரின் பெயருக்குக் கீழே அப்படியே அச்சிடுங்கள். கட்டம் வெறுமையாக வந்தால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வைத்தியசாலை நிர்வாகப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற இருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06