சூழ்ச்சிக்காரனுக்கு ஒரு முன்கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம். முழங்கால் வலி என்று நடப்பதை நிறுத்திவிடாதே. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிவதால் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் செவ்வாய்க் கிரக நாவலைப் படித்துவிட்டு நீ கேட்டதற்கு வருகிறேன். 'உன் வில்லன் இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கிறான், ஏன் இப்படி ஆனான் என்று சொல்லவே இல்லையே. சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்தவன் என்று வைத்தால் படிக்கிறவர்களுக்கு இரக்கம் வருமே' என்று எழுதியிருந்தாய். முன்கதை வேண்டும் என்பது சரி. எழுதியும் விட்டேன். ஆனால் அநாதைச் சிறுவன் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

துக்கம் ஒருவனைக் கோபக்காரனாக்கும், பழிவாங்கத் தூண்டும். சூழ்ச்சி செய்ய அது மட்டும் போதாது. அதற்குப் பொறுமை வேண்டும், அடுத்தவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே கணிக்கத் தெரிய வேண்டும், மனதில் ஓடுவது முகத்தில் தெரியாமல் பழக வேண்டும். இதெல்லாம் அவனுக்கு எங்கே வந்தது? முன்கதை அதைத்தான் சொல்ல வேண்டும்.

சகுனியை எடுத்துக்கொள். வியாச பாரதத்தில் மருமகன் பொறாமையில் வேகிறான், மாமன் வழி சொல்கிறான், அவ்வளவுதான். சிறையில் பட்டினியால் செத்த தகப்பனின் எலும்பில் பகடை செய்தான் என்பதெல்லாம் பின்னால் ஜனங்கள் சொன்ன கதை. அதில் என்னைப் பிடித்து இழுப்பது பட்டினிகூட இல்லை. கிடைக்கிற சோற்றையெல்லாம் தங்களில் புத்திசாலியான ஒருவனுக்கே கொடுத்து அவனை உயிரோடு வைப்போம் என்று அந்தக் குடும்பம் எடுக்கும் முடிவு இருக்கிறதே, அதுதான். சாவின் நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். சூழ்ச்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க காமிக்ஸில் டாக்டர் டூம் என்ற வில்லன் வந்தது 1962-இல். விரிவான முன்கதை 1964-இல்தான் கிடைத்தது. அவனும் தாய் தகப்பனை இழந்தவன்தான், உன் கட்சிக்கு ஒரு சாட்சி! ஆனால் கதை திரும்புவது கல்லூரியில். அவன் செய்யும் இயந்திரத்தின் கணக்கில் பிழை இருக்கிறது என்று சக மாணவன் ரீட் ரிச்சர்ட்ஸ், பின்னால் கதாநாயகனாகப் போகிறவன், எச்சரிக்கிறான். டூம் கேட்கவில்லை. இயந்திரம் வெடித்து முகம் சிதைகிறது, பழியையும் ரீட் தலையிலேயே போடுகிறான். அறிவும் அகந்தையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது அந்தச் சின்னச் சம்பவத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிற்பாடு அவன் செய்வதையெல்லாம் நம்ப அது போதும்.

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் வில்லன், வேற்றுக்கிரகவாசியான மாஸ்டர் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். 1971-இல் ரோஜர் டெல்காடோ அந்த வேடத்தில் வந்தபோது காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. நிதானமும் மரியாதையான பேச்சுமே பயமுறுத்தின. 2007-இல் முன்கதை கொடுத்தார்கள்: எட்டு வயதில் காலவெளியின் பிளவுக்குள் பார்க்க வைக்கப்பட்டான், அன்றிலிருந்து தலைக்குள் ஓயாத முரசொலி. காட்சியாக அருமை, மறுப்பதற்கில்லை. 2010 புத்தாண்டு அன்று வந்த பகுதியில் இன்னும் ஒரு படி போனார்கள். அந்த முரசொலியை அவனுடைய இனத்தின் ஆட்சியாளர்களே தங்கள் தேவைக்காக அவன் தலைக்குள் வைத்தார்களாம். அத்தனை வருஷமும் பிறரை ஆட்டிவைத்தவன் கடைசியில் வேறு யாரோ நகர்த்திய காய். அவன் செய்த எதுவும் முழுக்க அவனுடையதாக இல்லாமல் போகிறது. இரக்கம் வந்தது, ஆனால் அவன்மேல் இருந்த பயம் போய்விட்டது.

சரி, நம்ம ஆளுக்கு வருகிறேன். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பதினான்கு வயதுப் பையன், தண்ணீர்க் கிடங்கில் எடுபிடி. சரக்குக் கப்பல் வந்து சேரவில்லை. பூமியும் செவ்வாயும் தோதான நிலைக்கு வர ஏறக்குறைய 26 மாதம் ஆகும், அதுவரை அடுத்த கப்பல் கிளம்பாது. தண்ணீரைக் குறைத்துச் செலவழியுங்கள் என்று தலைவி கெஞ்சுகிறாள். தொட்டியின் அளவுமானி பாதிக்கு மேல் காட்டுவதால் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு ராத்திரி பையன் அந்த அளவுமானியைக் கால்வாசி காட்டும்படி மாற்றிவிடுகிறான். மறுநாளே எல்லாரும் சிக்கனமாகிறார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்த ராத்திரி அவன் செய்தது சரி என்றே படிக்கிறவர் நினைக்க வேண்டும். உண்மையைச் சொல்லி அழுதவளை யாரும் மதிக்கவில்லை, ஒரு பொய்யான எண்ணுக்கு ஊரே அடங்கியது என்று அவன் புரிந்துகொள்கிறான். அவன் கெட்டுப்போவதற்கு வேறு காயம் எதுவும் தேவைப்படவில்லை. அப்புறம் பூமியிலிருந்து வரும் கேள்விகளையும் பயன்படுத்தப் பழகுகிறான். ரேடியோ அலை அங்கே போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகும், பதில் வர அதே அளவு. அந்த இடைவெளியில் ஒரு ஆளை மாற்றலாம், ஒரு பதிவை அழிக்கலாம். நாற்பது வருஷம் கழித்து, நீ படித்த நாவலில், அதே கிடங்கின் சாவி அவன் இடுப்பில் இருக்கிறது. இந்தத் தடவை காப்பாற்றுவதற்கு யாரும் இல்லை, ஆள்வதற்குத்தான் இருக்கிறார்கள்.

உன்மேல் எனக்கு ஒரு உரிமை இருக்கிறது, வருஷக்கணக்காகக் கணக்குத் தணிக்கை பார்த்தவன் நீ. தொட்டியின் அளவை மட்டும் ஒருவன் குறைத்துக் காட்டினால் வேறு எந்தப் பதிவேட்டில் அது இடிக்கும்? கிடங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்து வாய் திறக்காமல் இருக்கிறாள் என்று எழுதப் பார்க்கிறேன். அத்தியாயத்தை இத்துடன் அனுப்புகிறேன். அவள் கண்ணில் எது முதலில் படும் என்று மட்டும் எழுது.

உன் அன்பு நண்பன்