மட்டக்களப்பு ஓவியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்பும் தொடர்ந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு எங்களை அதிகம் அலைக்கழித்த விஷயத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

எமது அங்கத்தவர் ஒருவர் கல்லடிப் பாலத்தை நீர்வர்ணத்தில் வரைந்து ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு விற்றார். தை மாதம் அந்தப் படம் அவர்களின் கலண்டரில் வந்தது. வரைந்தவரின் பெயர் எங்கும் இல்லை, மூலையில் இருந்த கையொப்பத்தையும் வெட்டிவிட்டார்கள். போய்க் கேட்டதற்கு, "காசு குடுத்து வாங்கினது எங்கட படம்தானே" என்று பதில் வந்தது. அதைவிட எனக்கு வேதனை, எங்களிலேயே பலர் அந்தப் பதிலை நியாயம் என்று எடுத்துக்கொண்டதுதான்.

அது நியாயமல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை வரைந்தவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதியத் தேவையில்லை. ஓவியர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் இறந்து 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வாங்கியவருக்குச் சொந்தமாவது அந்தத் தாளோ கன்வஸோதான். அதை அவர் வீட்டில் மாட்டலாம், இன்னொருவருக்கு விற்கலாம். படியெடுத்து அச்சிடும் உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரண்டு தரப்பும் கையொப்பமிட்டுத்தான் கொடுக்க முடியும். பெயரைப் போடும்படி கேட்பதும் படைப்பைச் சிதைக்காதே என்று சொல்வதும் ஓவியருக்கு உள்ள தனி உரிமைகள். இவற்றை விளக்கிச் சங்கத்தின் பேரில் கடிதம் அனுப்பினோம். நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்தது, மிச்சமிருந்த கலண்டர்களில் பெயரையும் ஒட்டியது.

அடுத்தது பிரிண்ட், அதாவது மூல ஓவியத்திலிருந்து அச்சடித்த பிரதி பற்றிய விவகாரம். பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் வருகிற சுற்றுலாப் பயணிகளில் பலருக்கு மூல ஓவியத்தின் விலை கட்டாது, பெரிய கன்வஸைக் கொண்டுபோகவும் வழியில்லை. பிரிண்ட் இருந்தால் வாங்குவார்கள். மூத்த அங்கத்தவர்கள் சிலர், பிரிண்ட் விற்றால் மூலத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்று கடுமையாக எதிர்த்தார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மதிப்பை இறக்குவது பிரிண்ட் அல்ல, எத்தனை அடித்தோம் என்பதை மறைப்பதுதான். 50 பிரதி என்று தீர்மானித்தால், ஒவ்வொன்றிலும் பென்சிலால் 7/50 என்பதுபோல இலக்கமிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். 50 முடிந்தால் முடிந்ததுதான். 51 ஆவது பிரதி அடித்தால், முதல் 50 பேரையும் ஏமாற்றியதாகிவிடும். பிரிண்டின் மேல் தூரிகையால் இரண்டு கோடு இழுத்து அதை மூலம் என்று விற்பதை நமது சங்கம் ஒருபோதும் ஏற்கக்கூடாது.

சாதாரணக் கலர் பிரிண்டரின் மை நமது வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும். அமிலமற்ற பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால், அதாவது நிறத்துகள் கொண்ட மையால் அடித்தால் நீண்ட காலம் நிற்கும். அதைவிட முக்கியம், படத்தை விற்பதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைப்பது. ஏ3 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,500க்கு 4,960 பிக்சல் தேவை. கைத்தொலைபேசியில் சரிவாக எடுத்த படம் இதற்குப் போதாது. நல்ல படங்கள் பல கனடாவிலும் லண்டனிலும் உறவினர் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. உரிமை நம்மிடம் இருந்தும் பிரிண்ட் போடப் பிரதி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூத்துக் கலைஞர்களை யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து விற்கிறோம். அந்தப் புகைப்படத்துக்கும் அதே சட்டம்தான். எடுத்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் எழுதுங்கள். முடிந்தால் கூத்துக் களரிக்கே போய் நேரில் கோட்டோவியம் எடுங்கள். கூத்தில் ஒரு வகையான வடமோடி ஆட்டத்தின் வேகம் நேரில் பார்த்தவரின் கோட்டில்தான் வருகிறது.

இவற்றை வைத்துச் செயற்குழு ஒரு விற்பனைச் சீட்டைத் தயாரித்திருக்கிறது. மூலமா பிரிண்டா, பிரிண்ட் என்றால் எத்தனையில் எத்தனையாவது, எந்தத் தாள், எந்த மை என்பவற்றோடு, "இவ்விற்பனையில் பதிப்புரிமை அடங்காது" என்ற வரியும் அதில் உண்டு. வாங்குபவரும் கையொப்பமிட இடம் விட்டிருக்கிறோம். எல்லா அங்கத்தவரும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்தோடு, இவ்வறிக்கையையும் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்