செயலாளரின் ஆண்டறிக்கை 2017–18

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் தவறவில்லை. அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. இரவல் போன பழைய குதிரை ரேஸ் புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை; எடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஆண்டு முழுக்க நம்மை விடாத கேள்வி ஒன்றுதான். அயர்லாந்தின் ஜோசப் ஓ'பிரையன் நல்ல பந்தயக் குதிரைப் பயிற்சியாளரா, இல்லை நல்ல இடத்தில் பிறந்த பிள்ளையா?

2017 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை அதற்குப் பிள்ளையார் சுழி போட்டது. சென்னையில் மழைத் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்த நேரம். நமக்குக் காலை ஒன்பதரைக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம், 3200 மீட்டர். ஜோசப்பின் குதிரை ரீகிண்ட்லிங் 51.5 கிலோ சுமந்து அரை லெங்த்தில் (அரைக் குதிரை நீளத்தில்) ஜெயித்தது. இரண்டாவது வந்தது, பெயர் பெற்ற பயிற்சியாளரான அப்பா ஏடன் ஓ'பிரையன் தயார் செய்த குதிரை. மகனுக்கு வயது 24. பயிற்சியாளர் உரிமம் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

"எல்லாம் அப்பா கொடுத்தது" என்ற கட்சி நம்மிடம் பலமாகவே இருந்தது. அதில் நியாயமும் உண்டு. அயர்லாந்தின் கில்கென்னியில் ஜோசப் நடத்துவது குடும்ப லாயம். அம்மா ஆன்-மரி அங்கே பெயர் பெற்ற பயிற்சியாளராக இருந்தவர். ஜாக்கியாக ஜோசப் ஜெயித்த இரண்டு எப்சம் டெர்பியும் (இங்கிலாந்தின் பெரிய பந்தயம்; 2012இல் கேமலாட், 2014இல் ஆஸ்திரேலியா என்ற குதிரை) அப்பாவின் குதிரைகளில்தான். ரீகிண்ட்லிங்கின் உரிமையாளர் லாயிட் வில்லியம்ஸுக்கோ அது ஆறாவது மெல்போர்ன் கோப்பை.

சரி, ஆனால் பதிவேடு மறைப்பதும் உண்டு. 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் டிரையம்ஃப் ஹர்டில் என்ற தடை தாண்டும் பந்தயத்தை ஜெயித்த குதிரை இவானோவிச் கோர்பட்டோவ் ஏட்டில் அப்பா பேரில் இருக்கிறது. தயார் செய்தது மகன். உயரமும் எடையும் இடிக்க, ஜாக்கி வேலையை அவர் விட்டது அந்தச் சமயத்தில்தான்.

பெரிய லாயத்தில் வெற்றிகளை எண்ணிக் கூட்டுவதில் பொருளில்லை என்பது என் எண்ணம். நிறைய குதிரை ஓடினால் நிறைய ஜெயிக்கும். எத்தனை ஓட்டத்துக்கு ஒரு வெற்றி என்று வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, ஒரு குதிரையை எடுத்துக்கொண்டு அதன் ஒரு வருடத்தைப் படிக்க வேண்டும். ரீகிண்ட்லிங் ஜூனில் எப்சம் டெர்பியில் பின்தங்கியது. செப்டம்பரில் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர் பந்தயத்தில் நான்காவது. அப்புறம் பாதி உலகம் பறந்து, தனிமைப்படுத்தலில் இருந்து, நவம்பரில் ஜெயித்தது. மூன்று வயதுக் குதிரையைத் துவண்டுவிடாமல் அந்த ஒரு நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது லாயத்தோடு சேர்ந்து வரும் சொத்தல்ல.

1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த விளையாட்டு என்றபோது நம்மில் மூத்தவர்கள் இனிப்பு வழங்கினார்கள். திறமை என்றால் முதலில் இதுதான்.

கடைசிக் கூட்டத்தில் வாக்கெடுப்பு வைத்தோம். அப்பா கட்சி சொற்ப வித்தியாசத்தில் வென்றது. அதன் பிறகு, ஜூன் 30 அன்று கர்ராவில் அயர்லாந்து டெர்பி. ஜோசப்பின் லாட்ரோப், தம்பி டொனகா சவாரியில் முதலாவது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்பாவின் குதிரைகள். மறு வாக்கெடுப்பு கேட்டு எழுத்து மூலம் மனு வந்திருக்கிறது. செயற்குழு அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்து, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.